யாரும் இல்லையா, யாரும் சொல்லவில்லையா? – வேற்றுலக அறிவைத் தேடுவது குறித்துச் சில கேள்விகள்

"இன்னா தோழர், கீழ நம்ம பசங்க மலக்குழியில எறங்கி செத்துக்கினு கீறானுங்க. நீங்க மேல எவன் கீறான்னு தேடிக்கினு கீறீங்க."

முகப்பேரில் எங்கள் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர்களைத் தேடும் ஆராய்ச்சி பற்றிப் பேச்சு வந்தபோது, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் மூத்த தோழர் ஒருவர் இப்படிக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் நம் ஆட்கள் விஷவாயுவில் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிலவுக்குக் கலம் அனுப்பத் தெரிந்த தேசத்துக்குச் சாக்கடையில் இறங்க ஒரு எந்திரம் செய்ய மனசு வரவில்லை. தோழரின் கோபம் நியாயமானது.

இந்தக் கோபத்துக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, 'விஞ்ஞானம் எல்லோருக்கும் பொது, அதில் சாதியை இழுக்காதே' என்பது. இது மேல்சாதி பதில். இன்னொன்று, 'முதலில் சோறு, பிறகு வானம்' என்பது. இது நம் தோழர்களே சொல்லும் பதில். முதல் பதிலை நாம் சுலபமாக அடையாளம் கண்டுகொள்கிறோம். இரண்டாவதில் உள்ள ஆபத்தைக் காண்பதில்லை. வயிறு நமக்கு, வானம் அவர்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தது யார்? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களைப் பிரித்து வைப்பது என்றார் அம்பேத்கர். யார் எதைப் பற்றி யோசிக்கலாம் என்பதும் அந்தப் பிரிவினைக்குள்தான் அடங்குகிறது. நாம் சோற்றைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய விருப்பமும்.

வானம் நமக்குச் சம்பந்தமில்லாத இடமுமல்ல. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வரும் புருஷ சூக்தத்தை வருணத்தின் மூலம் என்று நாம் அறிவோம். அதே சூக்தத்தில்தான் அண்டத்தின் பிறப்பும் சொல்லப்படுகிறது. வாயிலிருந்து பார்ப்பனன், பாதத்திலிருந்து சூத்திரன். அதே உடம்பின் கண்ணிலிருந்து சூரியன், மனத்திலிருந்து நிலா, தலையிலிருந்து வானம், பாதத்திலிருந்து பூமி. சாதியும் சூரியனும் ஒரே பிரசவத்தில் பிறந்த பிள்ளைகள் என்கிறது அது. சூரியன் எப்படி எரிகிறது என்று ஒருவன் அந்தப் புருஷனின் கண்ணைக் கேட்காமல் விளக்கிவிட்டால், பக்கத்திலேயே கட்டி வைத்த இன்னொரு முடிச்சும் தளர்ந்துதான் ஆக வேண்டும். வானவியல் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நமக்கோ அந்தப் புருஷனின் உடம்பில் பாதத்தில்கூட இடம் கொடுக்கவில்லை. அவர்களுடைய அண்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் நாம். வேற்றுலகத்தார் பற்றிப் பேச நம்மைவிட யாருக்கு உரிமை அதிகம்?

*

தேடல் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1960இல் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் ஃப்ராங்க் டிரேக் என்ற இளம் வானவியலாளர், 26 மீட்டர் அகலமுள்ள வானொலித் தட்டை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களின் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டார். ஹைட்ரஜன் அணு தானாக வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலையில் யாராவது பேசுகிறார்களா என்பதுதான் சோதனை. அண்டம் முழுக்கப் பரவியிருக்கும் பொருள் ஹைட்ரஜன். அறிவுள்ள எவரும் அந்த அலைவரிசையை அறிந்திருப்பார்கள் என்பது கணக்கு. எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அதே கிரீன் பேங்கில் பத்துப் பேர் அளவில் கூடிய கூட்டத்தில் டிரேக் தன் புகழ்பெற்ற சமன்பாட்டை எழுதினார். நட்சத்திரங்கள் பிறக்கும் வேகம், அவற்றுக்குக் கிரகங்கள் இருக்க வாய்ப்பு, அங்கே உயிர் தோன்ற வாய்ப்பு, அது அறிவாக வளர வாய்ப்பு என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியாக ஒரு நாகரிகம் எத்தனை காலம் உயிரோடு நீடிக்கும் என்பதில் அந்தச் சமன்பாடு முடிகிறது.

1977 ஆகஸ்ட் 15 அன்று ஒஹையோவின் 'பெரிய காது' என்ற தொலைநோக்கியில் 72 வினாடிகள் நீடித்த வலுவான ஒரு சமிக்ஞை பதிவானது. தாளில் அதைப் பார்த்தவர் ஓரத்தில் 'வாவ்' என்று எழுதினார். அது திரும்ப வரவே இல்லை. 2015இல் யூரி மில்னர் என்ற கோடீசுவரர் பத்து கோடி டாலர் தருவதாக அறிவித்ததையொட்டித் தேடல் பெரிதாகியது. சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் 1995இல்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. இப்படி உறுதியான வெளிக்கிரகங்களின் எண்ணிக்கை 2025இல் 6,000ஐ எட்டிவிட்டது. உயிர் எதுவும் இன்னும் அகப்படவில்லை.

நம் ஊரிலும் பெரிய காது உண்டு. உதகமண்டலத்துக்குப் பக்கத்தில் முத்தோரையில், 1970இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டிய வானொலித் தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த இடத்தின் அட்சரேகை 11 பாகை. அதே 11 பாகைச் சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமையும்படி கட்டினார்கள். பூமி சுழலச் சுழல ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். தொலைதூர அண்டங்களை ஆராய்வதற்காகக் கட்டிய காது அது. அதைப் பார்த்தால் பெருமைதான் வருகிறது. அந்தப் பெருமையை நான் மறைக்கப் போவதில்லை.

*

இனி நம் கேள்விக்கு வருவோம். இவர்கள் தேடும் 'அறிவு' எது?

நடைமுறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வானொலிக் கருவி வைத்திருப்பவன் அறிவுள்ளவன். தேடும் வசதிக்காக வைத்துக்கொண்ட அளவுகோல் இது என்பதை அந்த விஞ்ஞானிகளே ஒத்துக்கொள்கிறார்கள். வேறு வழி இல்லை, நட்சத்திரத் தொலைவிலிருந்து வேறு எதைக் கண்டுபிடிக்க முடியும்? நியாயம். ஆனால் இந்த அளவுகோலை நம் மீதே வைத்துப் பாருங்கள். ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் வானொலி அலையைச் சோதனையில் உண்டாக்கிக் காட்டும் வரை, ஜகதீச சந்திர போஸ் 1890களில் கல்கத்தாவில் அதைச் செய்து காட்டும் வரை, இந்தப் பூமியில் அறிவே கிடையாது. புத்தர் அறிவிலி. வள்ளுவர் அறிவிலி. உழுதவர், நெய்தவர், ஏரி வெட்டியவர், தோல் பதப்படுத்தும் ரசாயனம் கண்டவர் எல்லோருமே அறிவிலிகள்.

சொன்னால் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் இந்த வேடிக்கையைத்தான் நம் மீது காலங்காலமாக நடத்தியிருக்கிறார்கள். எழுத்தை நமக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டு, எழுதத் தெரியாதவனுக்கு அறிவில்லை என்றார்கள். இன்று அதன் பெயர் 'தகுதி'.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1825இல் சென்னையில் 'கால சங்கலித' என்ற நூலை ஜான் வாரன் வெளியிட்டார். இவர் முன்பு சென்னை வானாய்வகத்தில் பொறுப்பில் இருந்தவர். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் அவர் பதிவு செய்திருக்கிறார். காகிதம் இல்லை, பேனா இல்லை. கூடவே ஒரு தீர்ப்பும் எழுதுகிறார்: இந்த ஆளுக்கு நல்ல ஞாபகசக்தி உண்டு, ஆனால் வானவியல் கோட்பாடு ஒன்றும் புரியாது. நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1952இல், நாய்கபவர் என்ற விஞ்ஞான வரலாற்றாசிரியர் அதே பதிவை எடுத்துவைத்து, அந்தச் சோழிகளுக்குள் பழைய பாபிலோனியக் கணித முறையோடு உறவுள்ள நுட்பமான ஒரு முறை இருப்பதை விளக்கினார். சோழி மாறவில்லை. கணக்கும் மாறவில்லை. பார்த்தவரின் கண்தான் மாறியது.

இந்தக் கணிதருடைய சாதி என்னவாகவும் இருக்கட்டும். வெள்ளைக்காரர் அவரிடம் செய்ததை இங்கே மேல்சாதி நம்மிடம் செய்துகொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டில் நாள் பார்ப்பதையும் சோதிடம் கணிப்பதையும் தொழிலாகக் கொண்ட வள்ளுவர் சமூகம் பட்டியல் சாதியில்தான் இருக்கிறது. வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் சேரியிலும் இருந்தார்கள். சோதிடத்தை நான் ஆதரிக்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த கணக்கைச் சொல்கிறேன். அக்கிரகாரத்தில் இருந்தால் அதற்குப் பெயர் சாஸ்திரம். சேரியில் இருந்தால் பிழைப்பு.

பறையையும் இதில் சேர்க்க வேண்டும். வானொலி விஞ்ஞானத்தில் முக்கியமான வேலை சமிக்ஞையையும் இரைச்சலையும் பிரிப்பது. வெள்ளம் வருகிறது, சாவு விழுந்திருக்கிறது என்று தொலைவுக்குச் சேதி சொன்ன கருவி பறை. அடி மாறினால் அர்த்தம் மாறும். தேர்ந்த காதுக்கு அது பாஷை. சபாவில் உட்கார்ந்த காதுக்கு அது இரைச்சல். அப்படியானால் இரைச்சல் என்பது ஒலியில் மட்டும் இருப்பதில்லை, கேட்பவனிடமும் இருக்கிறது. நம் காதே இந்த லட்சணத்தில் இருக்கும்போது, வேறொரு கிரகத்தின் பறையை நாம் எப்படி அடையாளம் காண்போம்?

*

1950இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் மதியச் சாப்பாட்டின்போது என்ரிகோ ஃபெர்மி ஒரு கேள்வி கேட்டதாகச் சொல்வார்கள். இத்தனை கோடி நட்சத்திரங்கள், இத்தனை கோடி ஆண்டுகள். அப்படியானால் எல்லோரும் எங்கே? எண்ணற்ற பதில்கள் எழுதப்பட்டுவிட்டன. அவர்கள் தோன்றவே இல்லை, தோன்றி அழிந்துவிட்டார்கள், தூரம் அதிகம், நாம் கேட்கும் முறை தப்பு என்று.

நான் முகப்பேரில் குடியிருக்கிறவன். ஏரித் திட்டம் என்று இன்றும் பெயர் சொல்லும் ஊர் இது. ஏரி போய் வீட்டு வசதி வாரிய வீடுகளும், அப்புறம் நொளம்பூர் வரைக்கும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. இங்கே வீடு தேடிப் போனால் முதலில் வாடகை கேட்கமாட்டார்கள். "நீங்க வெஜிடேரியனா?" என்பார்கள். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை. அடுத்து "சொந்த ஊர் எது?" ஊரைச் சொன்னால் "அங்க எந்தத் தெரு?" ஒரு வீட்டுக்காரர் என்னிடம் முன்பணத் தொகை வரைக்கும் பேசி முடித்துவிட்டு, தெருப்பெயர் கேட்டதும், மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த மகள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இதே அடுக்குமாடிகளில் நம் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வங்கியில், ரயில்வேயில், மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். சுவரில் அம்பேத்கர் படம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தாலும் எந்தக் கறி என்று சொல்லமாட்டார்கள். பிள்ளைகளிடம், பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் இப்படிச் சொல்லு என்று பழக்கியிருப்பார்கள். அந்தக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இப்பல்லாம் யார் சாதி பாக்கறா? நம்ம பிளாக்குல அவங்க யாருமே இல்லையே" என்று பேசினால், அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எல்லோரும் எங்கே என்ற கேள்விக்குச் சேரியிலிருந்து வந்தவனின் பதில் இது: இருக்கிறோம், சொல்லவில்லை. மௌனம் அறிவின்மைக்கு அத்தாட்சி அல்ல. பல சமயம் அறிவுக்குத்தான் அத்தாட்சி. திருநெல்வேலிப் பக்கத்தில் புரத வண்ணார்கள் பகலில் வெளியே வரக்கூடாது, அவர்களைக் கண்ணால் கண்டாலே தீட்டு என்ற நிலை இருந்ததை 1932ஆம் ஆண்டின் பத்திரிகைச் செய்தியை வைத்து அம்பேத்கர் காட்டுகிறார். அந்த ஊரில் பகலில் போன ஒரு யாத்ரீகன், இங்கே இப்படி ஒரு சமூகமே இல்லை என்று மனசாட்சியோடு எழுதியிருப்பான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணில் படாமல் இருக்கும்படி ஒரு சமூகத்தையே ராத்திரிக்குள் தள்ளியிருந்தார்கள்.

2010இல் ஸ்டீபன் ஹாக்கிங் ஓர் எச்சரிக்கை செய்தார். வேற்றுலகத்தார் இங்கே வந்தால், கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கியது போலத்தான் இருக்கும், அது அங்கிருந்த பூர்வகுடிகளுக்கு நல்லதாக முடியவில்லை என்றார். இந்தப் பயத்தைக் கவனியுங்கள். வலியவன் தன்னை முதன்முறையாக எளியவன் இடத்தில் வைத்துக் கற்பனை செய்து பார்க்கிறான். பறக்கும் தட்டுகள் வந்து பூமியைப் பிடிக்கும் படங்கள் எல்லாமே, தாங்கள் செய்ததைத் தங்களுக்கு யாராவது செய்துவிடுவார்களோ என்ற பயம்தான். நமக்கு அது வருங்காலக் கதை அல்ல. அந்தச் 'சந்திப்பு' நமக்கு நடந்து முடிந்து பல நூற்றாண்டுகள் ஆச்சு.

வானத்தைப் பார்க்கும் வேலையே அப்படிச் சந்திப்புகளை நடத்தியிருக்கிறது. தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் பறப்பதற்காக மீனவர்கள் தங்கள் குடியிருப்பையும் மேரி மக்தலேனா தேவாலயத்தையும் விட்டுக் கொடுத்தார்கள். ஸ்ரீஹரிகோட்டா தீவில் காலங்காலமாக வாழ்ந்த யானாதிப் பழங்குடிகள், 1971இல் இயங்கத் தொடங்கிய ராக்கெட் தளத்துக்காக இடம்பெயர்க்கப்பட்டார்கள். சீனாவின் குய்சோ மாகாணத்தில் 500 மீட்டர் அகலமுள்ள தொலைநோக்கிக்கு, வானொலி அமைதி வேண்டும் என்பதற்காக 9,000க்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்ற 2016இல் முடிவு செய்தார்கள். அந்தத் தொலைநோக்கியின் வேலைகளில் ஒன்று வேற்றுலக அறிவைத் தேடுவது. தொலைவில் இருப்பவன் பேச்சைக் கேட்க, பக்கத்தில் இருப்பவன் வாயை மூட வேண்டியிருக்கிறது.

*

கேட்பதைப் பற்றிப் பேசினோம். பேசுவதைப் பற்றியும் பேச வேண்டும். பூமியின் சார்பாகப் பேசுவது யார்?

1977இல் ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் கலங்களிலும் ஒரு தங்க முலாம் பூசிய இசைத்தட்டு போகிறது. கார்ல் சேகன் தலைமையில் ஒரு குழு தயாரித்தது. 55 மொழிகளில் வாழ்த்து. படங்கள், ஒலிகள், இசை. வாயேஜர் 1 இப்போது சூரியனிலிருந்து 2,400 கோடி கிலோமீட்டரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த 55 மொழிகளில் தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. தமிழ் இல்லை. பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தில், கையெட்டும் தூரத்தில் கிடைத்தவர்களை வைத்து அவசரமாகப் பதிவு செய்தார்கள். சதி ஒன்றும் இல்லை. ஆனால் இதைக் கேட்டால் தமிழ் உணர்வாளர்களுக்கு ரத்தம் கொதிக்கும். எனக்கும் வருத்தம்தான், தமிழ் எம்.ஏ. படித்தவன் இல்லையா?

சரி, தமிழ் இருந்திருந்தால் எந்தத் தமிழ் போயிருக்கும்? எல்லா ஊரையும் தன் ஊராகச் சொன்ன கணியன் பூங்குன்றனின் பாட்டைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அருமையான பாட்டு. ஆனால் இன்றைக்கு நம் கிராமத்தில் 'ஊர்' என்றால் சேரி சேராது. ஊர் வேறு, சேரி வேறு. அந்தப் பாட்டைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் பலர், ஊருக்கு வெளியே இருப்பதையும் ஊர் என்று சொல்லச் சொன்னால் யோசிப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வருகிறவனின் தமிழ், "இன்னாபா, சாப்ட்டியா?" என்ற தமிழ், அந்தத் தட்டில் ஏறியிருக்குமா?

ஆனாலும் அந்தத் தட்டில் ஒரு விசேஷம் நடந்திருக்கிறது. இந்தியாவின் இசையாக அதில் போயிருப்பது கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவி. கேசர்பாய் கோவாவின் கலாவந்த் சமூகத்தைச் சேர்ந்தவர். தேவதாசி மரபில் வந்த பெண்கள், மரியாதைப்பட்ட குடும்பங்கள் கச்சேரியில் கேட்டுவிட்டு வீட்டுப் படியேற விடாத பெண்கள். அந்தக் குரல்தான் இன்று நட்சத்திரங்களுக்கு நடுவே இந்தியா. இது திட்டமிட்டு நடக்கவில்லை. இசை அறிந்த ஒருவர் காதால் கேட்டு, இதுதான் சிறந்தது என்று சொன்னார். சாதி கேட்காமல் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

விட்டுவிட்டதையும் சொல்ல வேண்டும். யுத்தம், நோய், வறுமை, குற்றம் எதையும் அந்தத் தட்டில் காட்ட வேண்டாம் என்று அந்தக் குழு முடிவெடுத்தது. மிரட்டல் போலத் தெரியக்கூடாது, நம்மில் சிறந்ததை அனுப்புவோம் என்பது அவர்களின் நியாயம். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைப்பது போலத்தான். புரிகிறது. ஆனால் சொல்லாமல் விடப்பட்டவர்கள் தரப்பிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. விருந்தாளி வரும்போது கொல்லைப்புறம் போகச் சொல்லப்பட்டவர்கள் நாம்.

சேகன் நல்ல மனிதர். 1980இல் வெளியான அவருடைய 'காஸ்மாஸ்' தொடருக்காகத் தமிழ்நாட்டுக்கும் வந்தார். தாராசுரம் கோயிலைக் காட்டி, இந்துக்களின் கால அளவு நவீன வானவியலோடு ஒத்துவருகிறது, பிரம்மாவின் ஒரு நாளும் இரவும் சேர்ந்து 864 கோடி ஆண்டுகள் என்று வியந்தார். அந்த வியப்பை இன்று வரை இங்குள்ளவர்கள் சர்டிபிகேட்டாக மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோயிலுக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று நீண்ட காலம் இருந்ததையும், அதே கால அளவைக் கொண்டுதான் இந்தப் பிறவி போன பிறவியின் கூலி என்று நமக்குக் கணக்கு எழுதினார்கள் என்பதையும் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு இடத்திலும் அவரோடு நமக்கு வழக்கு உண்டு. நீண்ட காலம் பிழைத்திருக்கும் நாகரிகம், தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வெறியைக் கடந்துவிட்ட பக்குவமான நாகரிகமாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். டிரேக் சமன்பாட்டின் கடைசிக் காரணி மீது வைத்த நம்பிக்கை அது. நீடித்தால் நல்லது என்பது சரியா? ராதாகிருஷ்ணன் இந்து நாகரிகம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடித்ததையே அதன் பெருமையாகச் சொன்னபோது, 1936இல் அம்பேத்கர் அதை மறுத்தார். பிழைத்திருக்கிறதா என்பது கேள்வி அல்ல, எந்த நிலையில் பிழைத்திருக்கிறது என்பதே கேள்வி என்பது அவருடைய வாதம். சாதி மிகவும் நீடித்த அமைப்பு. அது தன்னை அழித்துக்கொள்ளவில்லை, மற்றவர்களை அரைத்துக்கொண்டே உயிரோடு இருக்கிறது. கோடி ஆண்டு வயதுள்ள நாகரிகம் ஒன்று எங்கோ இருந்தால், அதைக் கும்பிடுவதற்கு முன் அங்கே மலக்குழியில் இறங்குவது யார் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை அண்டத்தின் முன் வைக்கக்கூடிய தத்துவம் நம்மிடம்தான் இருக்கிறது.

*

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இறந்த ரோஹித் வெமுலா, கார்ல் சேகனைப் போல விஞ்ஞானம் எழுதுபவனாக ஆக வேண்டும் என்ற ஆசையைக் கடைசிக் கடிதத்தில் எழுதிவைத்தார். உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியிலிருந்து நீக்கப்பட்டு, நான்கு தோழர்களோடு வளாகத்துக்குள் திறந்த வெளியில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர். அந்தக் கூடாரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வெளிவாடா – தெலுங்கில் சேரி. மனிதனை ஒரு மனமாகப் பார்க்காமல், அவனுடைய உடனடி அடையாளமாக, ஓர் ஓட்டாக, ஓர் எண்ணாகச் சுருக்கிவிட்டார்கள் என்பதுதான் அந்தக் கடிதத்தின் துயரம். அதற்கு அரசு தந்த பதில் என்ன? அவர் தலித்தா இல்லையா என்று வருடக்கணக்கில் சர்டிபிகேட்டை ஆராய்ந்தது. 2024 மே மாதம் தெலங்கானா போலீஸ், அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் இல்லை என்று சொல்லி வழக்கை முடிக்க அறிக்கை கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மேல்விசாரணை என்றது. மனமாகப் பாருங்கள் என்று கேட்டவனை மறுபடியும் ஓர் எண்ணாகவே பார்த்தார்கள்.

வேற்றுலக அறிவைத் தேடுபவர்கள் தங்கள் வேலையில் ஓர் ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கிறார்கள். அங்கே ஒருவர் இருக்கலாம், அவர் நம்மைவிட மேலானவராகவே இருக்கலாம், அவர் பாஷை நமக்குப் புரியாமல் இருந்தால் புரிந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையது என்று தொடங்குகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பதிலும் வராமலே பொறுமையாகக் காது கொடுக்கிறார்கள். நிரூபிக்க வேண்டியது நட்சத்திரத்தில் இருப்பவன் அல்ல. கண்டுபிடிக்க வேண்டியது தேடுகிறவன். பக்கத்துத் தெருவுக்கு வந்ததும் இந்த ஒழுக்கம் தலைகீழாகிறது. நீ அறிவுள்ளவன் என்று நீயே நிரூபி, என் பாஷையில் நிரூபி, நான் வைத்த பரீட்சையில் நிரூபி, அப்புறமும் சந்தேகப்படுவேன் என்கிறார்கள். இந்த ஆராய்ச்சியிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அறம் ஒன்றே ஒன்று: அறிவை அங்கீகரிக்கும் பொறுப்பு கேட்கிறவன் மீதே இருக்கிறது. நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் இந்தச் சலுகையை விடுதி அறைக்கும் கொடுத்திருந்தால், நம்மிடம் இன்று தெலுங்கில் ஒரு சேகன் இருந்திருப்பார்.

ஆகவே தேடலை நிறுத்து என்று நாம் சொல்லக்கூடாது. சாக்கடைக்கு எந்திரம் கேட்போம், கோட்டூர்புரம் கோளரங்கத்துக்கும் காவலூர் தொலைநோக்கிக்கும் நம் பிள்ளைகளை வண்டி பிடித்துக் கூட்டிப் போவோம். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை. இரவுப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் தோழர்கள் வானவியலையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முகப்பேரின் வெளிச்சத்தில் நட்சத்திரம் தெரிவது குறைவுதான். தெரிகிற நாலு நட்சத்திரத்தை வைத்துத் தொடங்கலாம்.

அடுத்த இசைத்தட்டு ஒன்றை யாராவது என்றாவது தயாரிப்பார்கள். அதில் தமிழ் இடம்பெற வேண்டும் என்று கேட்போம். பறை இடம்பெற வேண்டும் என்று கேட்போம். கோயில் படத்துக்குப் பக்கத்தில் அந்த வெளிவாடாவின் படமும் இருக்க வேண்டும் என்று கேட்போம். இந்தக் கிரகத்தில் சாதி என்று ஒன்று இருக்கிறது, அதை இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை ஒழிக்கக் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்ப வேண்டும். வாசிக்கிறவர்கள் உண்மையிலேயே அறிவுள்ளவர்களாக இருந்தால், யாரோடு முதலில் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியும்.